உரியவருக்கு மட்டும்

உட்காருங்க அம்மிணி. அந்த ஸ்டூலு ஒரு கால் ஆடும், சுவத்தோரமாத் தள்ளிப் போட்டுக்குங்க. ஆங், அப்படித்தான். மனுதானே? எழுதிரலாம். திங்கக்கிழமைன்னா உள்ளே கலெக்டராபீஸ்ல பன்னெண்டு வரைக்கும் வாங்குவாங்க, இப்பத்தான் பத்தாகுது. ஒண்ணும் அவசரமில்லை.

அதுக்கு முந்தி ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த டீக்கடைக்காரன் உங்ககிட்ட என்ன சொன்னான்? மனு எழுதறவங்க யாருன்னு நீங்க கேட்டீங்க, அவன் இந்தப் பக்கமாக் கையைக் காட்டினான். காட்டீட்டு, குனிஞ்சு என்னமோ சொன்னான். நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். 'அந்த ஆளுகிட்டப் போகாதீங்க, பேரைக் காட்டிக் குடுத்துருவான்'னுதானே? நீங்க சொல்ல வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது.

சொல்லட்டுமுங்க. இருபத்திரண்டு வருசமா இந்தப் பூவரச மரத்தடியில உட்கார்ந்திருக்கறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, எல்லாம் இந்தக் கைதான். மனு எழுதற நாச்சிமுத்துன்னா இந்த ஆபீஸ்ல தெரியாத சீட்டே கிடையாது. நான் எழுதின மனு திரும்பி வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்க்கலாம்! ஏன் திரும்பாது தெரியுங்களா? முகவரிங்க. மத்தவன் எழுதுவான், 'பெருமாள், கரட்டுப்புதூர்'னு. எந்தப் பெருமாள்? அந்த ஊர்ல பதினோரு பெருமாள் இருக்கறான். தபால்காரரு என்ன ஜோசியமா பார்ப்பாரு? நான் எழுதினா கதவு எண், தெரு, அதுக்குக் கீழே 'அடையாளம்'னு தனியா ஒரு வரி. மாரியம்மன் கோயிலுக்குப் பின்புறம், ரெட்டைத் தென்னை, ஓட்டு வீடுன்னு. யாருகிட்டயும் வழி கேட்காம நேரா வாசல்ல போய் நிற்கலாம். அது நானாக் கண்டுபிடிச்சது, யாரும் சொல்லிக் குடுக்கலை.

இந்தக் கெட்ட பேருக்கு அந்தக் கரட்டுப்புதூர்லதான் ஆரம்பம். நம்ம கண்ணுக்கு நேரா அங்கே ஒரு கரடு, சின்னக் குன்று, இருந்துச்சு, இப்பப் பாதிதான் இருக்குது. மீதியைக் கல்லுக்குவாரி தின்னுருச்சு. அது போதாதுன்னு குவாரிக்காரரு இன்னும் இருபத்தஞ்சு ஏக்கர் கேட்டு விண்ணப்பம் போட்டாரு. அப்படிப் போட்டா சட்டப்படி ஊர்க்காரங்களையும் ஒரு வார்த்தை கேட்கோணுமாமா. மாசி மாசம் நோட்டீஸ் ஒட்டினாங்க. 'பொதுமக்கள் கருத்துக் கேட்பு'. கல்யாண மண்டபத்துல கூட்டம். கூட்டத்துல எந்திரிச்சுப் பேசக் கூச்சப்படறவங்க முன்னாடியே எழுதிக் குடுக்கலாம்னு ஒரு படிவமும் அடிச்சுக் குடுத்தாங்க.

எனக்கு என்ன சந்தோசமுங்க அன்னிக்கு! நாமதான் வருசம் பூரா அரசாங்கத்துக்கு எழுதறோம். அரசாங்கம் நம்மைப் பார்த்து 'நீ என்னப்பா சொல்றே'ன்னு கேட்டு நான் பார்த்ததே இல்லை. நூறு படிவம் நானே வாங்கீட்டு வந்து இந்தப் பலகை மேல அடுக்கி வெச்சேன். டீக்கடையில சொன்னேன், பஸ் ஸ்டாப்புல சொன்னேன், 'வாங்க, வந்து எழுதிக் குடுங்க, கேட்கறாங்க'ன்னு. வந்தவங்க நாப்பத்தொண்ணு பேரு. ஒருத்தருக்குக் கெணத்துத் தண்ணி இறங்கிப் போச்சு, ஒருத்தருக்குக் கறிவேப்பிலைத் தோட்டம் பூரா மாவு பூசுன மாதிரி தூசி. எல்லாத்தையும் அழகா எழுதினேன்.

அதுல ஒருத்திதான் மயிலாத்தாள். முப்பத்தேழாவதா வந்தா. இருங்க, நோட்டுல இருக்குது, நான் எழுதற எல்லா மனுவுக்கும் நோட்டு போட்டு வெச்சிருக்கறேன். பாருங்க. அட, பாருங்க, கூச்சப்படாதீங்க. 'மயிலாத்தாள், கணவர் லேட் சின்னச்சாமி, நாப்பத்தெட்டு வயசு.' போன் நம்பர் பத்து இலக்கமும் இருக்குதா? அடையாளம்னு போட்டிருக்கறேன் பாருங்க: 'நீலக் கதவு, எதிரில் முருங்கை மரம்'. அவ்வளவு சுத்தம் நம்ம வேலை.

வந்தவ உட்காரவே இல்லை. அந்த மரத்தைப் பிடிச்சுட்டு நின்னா. "அண்ணா, வெடி வெச்சா எங்க வீட்டுச் சுவத்துல கை நுழையற அளவுக்கு விரிசல் விட்டிருக்குதுங்க. மழைக்கு நிக்காது. ஆனா என் பையன் பூபதி அந்தக் குவாரியிலதானுங்க டிப்பர் ஓட்டறான். என் பேரு வெளியே தெரிஞ்சா அவன் பொழப்புப் போயிருமுங்க. அவனுக்கே நான் வந்தது தெரியாது"ன்னா. சொல்லீட்டு, "வேண்டாமுங்க, நான் போறேன்"னு கிளம்பீட்டா.

நான்தான் கூப்பிட்டேன். "ஏ மயிலு, வா இங்கே, உட்காரு"ன்னு. உட்கார வெச்சு, படிவத்துக்கு அடியில பொடி எழுத்துல இருந்த வரியை விரல் வெச்சுப் படிச்சுக் காட்டினேன். 'கருத்து தெரிவிப்போரின் விவரங்கள் உரியவருக்கு மட்டுமே தெரிவிக்கப்படும்.' அச்சுல போட்டிருக்குதுங்க. நான் சொன்னதில்லை, அரசாங்கம் சொன்னது.

"உரியவருன்னா யாருங்கண்ணா?"ன்னு கேட்டா.

நான் சிரிச்சேன். "என்ன புள்ளே இப்படிக் கேட்கறே. உரியவருன்னா கலெக்டரு. அவரு படிப்பாரு, படிச்சுட்டு பூட்டி வெச்சுருவாரு. வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நான் சொல்றேன்ல?"

அவளும் அந்த எழுத்து மேல விரலை வெச்சுப் பார்த்தா. படிக்கத் தெரியாது அவளுக்கு. அப்பறம், "நீங்க சொன்னாச் செரிங்கண்ணா"ன்னு சொல்லிக் கையெழுத்துக்குப் பதிலா ரேகை வெச்சா.

நீங்களே சொல்லுங்க, இதுல என் மேல என்ன தப்பு? உரியவருன்னா நீங்க யாருன்னு நினைப்பீங்க? நம்ம தமிழ்தானே, புரியாத பாஷையா?

மூணு வாரம் இருக்கும். கூட்டம் இன்னும் நடக்கலை. ஒரு புதங்கிழமை மயிலாத்தாள் வந்தா. உட்காரு புள்ளேன்னா உட்காரலை. மரத்தையும் பிடிக்கலை. நேரா நின்னு என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க சொன்ன உரியவரு வந்துட்டுப் போயிட்டாருங்க"ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியலை. கலெக்டரு எதுக்கு இவ வீட்டுக்கு வரப் போறாரு?

கலெக்டரில்லை. குவாரி மேனேஜரு. ஜீப்புல வந்திருக்கறான். ஊருக்குள்ள ஒருத்தரையும் வழி கேட்கலையாமா. நீலக் கதவு, எதிர்ல முருங்கை மரம், அங்கே வந்து வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கறான். ஜீப்புல பக்கத்துல உட்கார்ந்து வந்தது யாரு? பூபதி. டிப்பர்ல இருந்தவனை இறக்கி, வா ஒரு வேலை இருக்குதுன்னு கூட்டீட்டு வந்திருக்கறான். எங்கே போறோம்னு தெரியாமயே அந்தப் பையன் சொந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கறான்.

மேனேஜர் கோவமே படலையாமுங்க. தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கறான். "அம்மா, உங்க கருத்துக்கு ரொம்ப நன்றி"ன்னிருக்கறான். பையில இருந்து காயிதத்தை எடுத்து, "நான் கண்ணாடி கொண்டு வரலை, படி பூபதி"ன்னு அவன்கிட்டக் குடுத்திருக்கறான். அவன் படிச்சிருக்கறான். அம்மா சொன்னதை, நான் எழுதினதை, முதலாளி முன்னாடி நின்னு மகன் படிக்கறான். 'இக்குவாரியினால் என் குடும்பம் நாசமாகிறது'ன்னு நான் ஒரு வரி போட்டிருந்தேன். அது அவ சொன்னதில்லை, மனுன்னா கொஞ்சம் அழுத்தமா இருக்கோணும்னு நானாச் சேர்த்தது. அந்த இடம் வந்ததும் பையன் நிறுத்தீட்டானாமா. "படி, படி, நல்லாத்தானே எழுதியிருக்கறாங்க"ன்னானாமா மேனேஜரு.

முடிச்சதும், "சரி தம்பி, நாசம் பண்றவங்க வண்டி உனக்கு எதுக்கு? டிப்பர் சாவியை வெச்சுரு"ன்னிருக்கறான். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்லை.

பூபதி சாவியை வெச்சுட்டு, அம்மா மூஞ்சியைக்கூடப் பார்க்காம ரெண்டு சட்டையை எடுத்துட்டுத் திருப்பூர் பஸ் ஏறிட்டான். இன்னிக்கு வரைக்கும் போன் இல்லை. இவ கூப்பிட்டா எடுக்கறதில்லை. "சோத்துல மண்ணைப் போட்டுட்டியேம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா"ன்னானாமா போகும்போது.

இதை எல்லாம் எங்கிட்டச் சொல்லீட்டு அவ கேட்டா, "உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது, அவங்க கைக்கு எப்படிங்கண்ணா போச்சு?"

அம்மிணி, என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என் பெத்த தாய் சாகறப்ப, என் சம்சாரம் கோவிச்சுட்டுப் பொறந்த வீட்டுக்குப் போறப்பக்கூட அப்படி ஒரு பார்வை பார்க்கலை. நான் வித்துட்டேன்னு நினைச்சுட்டாளுங்க. நான்!

விறுவிறுன்னு உள்ளே போனேன். அமல்ராஜுன்னு ஒரு கிளார்க்கு, அந்த சீட்டு அவருதுதான். பத்து வருசமா எனக்குத் தெரியும். அவரு பொண்ணு சடங்குச் சீருக்கு நான்தான் பத்திரிகையில பேரெழுதிக் குடுத்தேன். "என்னங்க இது, உரியவருக்கு மட்டும்னு போட்டுட்டு இப்படிப் பண்ணீட்டீங்களே"ன்னேன்.

அவரு ஃபைல்ல இருந்து தலையை எடுக்காம எனக்குப் பாடம் சொல்றாரு. "ரைட்டரே, விண்ணப்பம் போட்டது யாரு?"

"குவாரிக்காரரு."

"எதிர்ப்பு வந்தது யாரு விண்ணப்பத்துக்கு?"

"அவரு விண்ணப்பத்துக்குத்தான்."

"அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது யாரு?"

"அவருதான்."

"அப்ப உரியவரு யாரு?"

உரியவருன்னா கலெக்டருன்னு நான் நாப்பத்தொண்ணு பேருக்கு அடிச்சுச் சொன்னேன். இவங்க அந்த வார்த்தையை எழுதும்போதே குவாரிக்காரரை மனசுல வெச்சுத்தான் எழுதியிருக்கறாங்க. "பேரை, போன் நம்பரை அடிச்சுட்டாவது குடுத்திருக்கலாமே சார்"ன்னேன். "அடிக்கோணும்னு எங்கே போட்டிருக்குது? நாப்பத்தொண்ணு காயிதத்தையும் உட்கார்ந்து அடிக்க எனக்கு ஆள் குடுத்திருக்காங்களா? எல்லாத்தையும் கட்டி ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தாச்சு"ன்னாரு. அப்பறம் நிமிர்ந்து பார்த்து, "ஆனா ஒண்ணு ரைட்டரே, உங்க கையெழுத்து கையெழுத்துதான். ஜெராக்ஸ்ல ஒரு புள்ளிகூட விட்டுப் போகலை. அந்த மேனேஜரே கேட்டாரு, யாரு எழுதினது, அச்சடிச்ச மாதிரி இருக்குதேன்னு."

சொன்னா நம்பமாட்டீங்க, ஒரு நொடி எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஒரே ஒரு நொடி. நம்ப வெச்சுக் கழுத்தை அறுத்துட்டாங்களே அம்மிணி! கேட்கறேன் கேட்கறேன்னு நோட்டீஸ் ஒட்டி, வா வான்னு கூப்பிட்டு, யாரு யாரு எதிரின்னு பட்டியல் எடுத்து எதிரி கையிலயே குடுத்துட்டாங்க. அந்தப் பட்டியலை எழுதிக் குடுத்த முட்டாள் நானு.

சும்மா விடலை நான். இதுக்கும் மேலிட ஆபீஸுக்கு நாலு பக்கம் மனுப் போட்டேன். என் பேரு, என் முகவரி, 'பூவரச மரத்தடி, நீலத் தார்ப்பாய்'னு அடையாளம், எல்லாம் போட்டு. பதினெட்டு நாள்ல பதில் வந்துச்சு. இந்தச் சட்டைப் பையிலேயே வெச்சிருக்கறேன், படிக்கறேன் கேளுங்க. 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக உரியவருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.' எப்படி? ரெண்டு நாள் கழிச்சு என் போன் அடிக்குது. மேனேஜரு! "ரைட்டரே, உங்க மனு வந்துச்சு, நாலு பக்கமும் படிச்சேன்"ங்கறான். சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

மத்த நாப்பது பேருக்கும் அப்படித்தான், வீடு வீடா ஜீப்பு போச்சு. ஒருத்தனுக்கு மாமனாரு அங்கே வேலை, ஒருத்தனுக்குக் குவாரிக்காரரு நிலத்துல குத்தகை. எல்லாரும் ஒட்டுக்கா வந்தாங்க, கருத்தைத் திரும்ப வாங்கோணும்னு. உள்ளே சொல்லீட்டாங்களாமா, முதல்ல எழுதினவரே எழுதினாத்தான் சந்தேகம் வராதுன்னு. அப்ப யாரு எழுதறது? நான்தான்.

கடைசியா மயிலாத்தாள் வந்தா. வாபஸ் வாங்கினா பூபதிக்குத் திருப்பி வண்டி தர்றேன்னு மேனேஜரு சொல்லியிருந்தானாமா. என்ன எழுதோணும்னு அவளே சொன்னா, மனப்பாடம் பண்ணீட்டு வந்திருந்தா. "எனக்குப் படிக்கத் தெரியாது. மனு எழுதறவரு தவறா வழிகாட்டி, அவரா எழுதி எங்கிட்ட ரேகை வாங்கீட்டாரு."

பேனா நின்னு போச்சுங்க எனக்கு. "மயிலு, நான் அப்படியா பண்ணினேன்?"னு கேட்டேன்.

"எழுதுங்கண்ணா. என் பையன் வரோணும்"னா.

எழுதினேன். என்னைப் பத்தி நானே எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பேரு எழுதினேன், கதவு எண் எழுதினேன். கை தானாக் கீழே இறங்கி 'அடையாளம்'னு போட்டுருச்சு, பழக்கம் பாருங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அந்த இடம் வந்துருச்சுன்னு எப்படியோ தெரிஞ்சுக்கிட்டா.

"அதை எழுதாதீங்க. கதவுக்குப் பச்சை அடிச்சாச்சு. முருங்கையையும் வெட்டீட்டேன்"னா.

ரேகை வெச்சா, எந்திரிச்சா, போயிட்டா. சொன்னபடி மேனேஜரு வண்டியைக் குடுத்துட்டான். சாவி அவ வீட்டு ஆணியில தொங்குதாமா, பூபதிதான் இன்னும் வரலை. இந்த வழியாத்தான் வாரத்துக்கு ரெண்டு நாள் சந்தைக்குப் போறா. இந்தப் பக்கம் திரும்பறதில்லை. டீக்கடைக்காரன் அவளுக்குச் சித்தப்பன் மகன், அவன் அப்பறம் என்ன சொல்லுவான்? அதுக்காகத்தான் உங்ககிட்ட இவ்வளவும் சொன்னேன். வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் சொல்றேன், ஒண்ணையும் மறைக்கறதில்லை. அவ பேரு, ஊரு, வீடு, பையன் எந்த ஊருக்குப் பஸ் ஏறினான்ங்கற வரைக்கும் சொல்லித்தான் சொல்றேன். அப்பத்தானே நடந்தது நிஜம்னு தெரியும்? நான் பேரைக் காட்டிக் குடுக்கற ஆளா?

சரி, உங்க காயிதத்தைக் குடுங்க. அட, இதுவும் கருத்துக் கேட்புதானா? ஓ, ஆத்தோரமாச் சாயப்பட்டறை வருதுன்னாங்களே, அதுவா? எதிர்ப்புத்தானே? பலே. அடியில அந்த வரி இருக்குதா? இருக்குது பாருங்க. 'உரியவருக்கு மட்டுமே.' அதே அச்சு, அதே பொடி எழுத்து. இருக்கட்டும், நாம எழுதறதை எழுதுவோம்.

பேரு சொல்லுங்க.

என்ன யோசிக்கறீங்க? பேரு இல்லாத மனுவை உள்ளே வாங்கமாட்டாங்க அம்மிணி. சரி, பேரு அப்பறம். முகவரி சொல்லுங்க. தெரு மட்டும் சொன்னாப் போதாது, பக்கத்துல கோயிலோ மரமோ ஏதாச்சும் இருக்குமே? வீட்டுக் கதவு என்ன கலரு?

ஏனுங்க, எந்திரிக்கறீங்க? காயிதத்தை எதுக்குப் பிடுங்கறீங்க, கிழிஞ்சுரும். அட, மணி பதினொண்ணுதான் ஆகுது. உட்காருங்க அம்மிணி. நான் சொல்றேன்ல? உட்காருங்க, இங்கே பாருங்க...

அம்மிணி! நோட்டுல போடோணும், பேரையாவது சொல்லீட்டுப் போங்க!